கடலுக்கு எத்தனை சாம்பல்? கறுப்பு வெள்ளைக் கடற்படங்களில் தொனியும் அமைப்பும்

1. கேள்வி

கடலைக் கறுப்பு வெள்ளையில் படமெடுக்க முனைகிறவருக்கு இரண்டு அறிவுரைகள் தவறாமல் கிடைக்கின்றன. சட்டகத்தை மூன்றாகப் பிரித்து, தொடுவானத்தை மேல்கோட்டிலோ கீழ்க்கோட்டிலோ வைக்க வேண்டும் என்பது ஒன்று. சுத்தக் கறுப்பில் தொடங்கிச் சுத்த வெள்ளை வரை எல்லாச் சாம்பல் படிகளும் படத்தில் இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவது அமைப்பைப் பற்றியது, இரண்டாவது தொனியைப் பற்றியது. பயிற்சி நூல்கள் பெரும்பாலும் இவற்றைத் தனித்தனி அத்தியாயங்களில் வைக்கின்றன. அமைப்பு படமெடுக்கும் இடத்தில் முடிவாகிவிடுகிறது, தொனியைப் பிறகு இருட்டறையிலோ கணினியிலோ சரிசெய்துகொள்ளலாம் என்ற எண்ணம் இப்பிரிவினைக்குள் இருக்கிறது.

கடலைப் பொறுத்தவரை இந்தப் பிரிவினை செல்லாது என்பது இக்கட்டுரையின் வாதம். மரம், பாறை, சுண்ணாம்பு அடித்த சுவர் ஆகியவற்றுக்குச் சொந்தமாக ஒரு வெளுப்போ கறுப்போ உண்டு. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் அது பெரிதாக மாறுவதில்லை. கடல்நீருக்கு அப்படி நிலையான தொனி கிடையாது. ஒரே நேரத்தில், ஒரே கடல், மணலில் நிற்பவருக்கு வெள்ளித் தகடாகவும் கலங்கரை விளக்கத்தின் உச்சியில் நிற்பவருக்கு அடர்கறுப்பாகவும் தெரியும். எங்கே நிற்பது, கேமராவை எவ்வளவு தாழ்த்துவது என்ற அமைப்பு முடிவுகளே எந்தச் சாம்பல் கிடைக்கும் என்பதையும் தீர்மானித்துவிடுகின்றன. பிறகு செய்யும் திருத்தங்கள் அந்த முடிவின் எல்லைக்குள்தான் வேலை செய்ய முடியும்.

மூன்றில் ஒரு பங்கு விதியின் பிறப்பே இதற்கு ஒரு சான்று தருகிறது. ஆங்கிலேயச் செதுக்கோவியர் ஜான் தாமஸ் ஸ்மித் 1797இல் கிராமியக் காட்சிகள் பற்றி வெளியிட்ட நூலில்தான் அந்த விதி அப்பெயருடன் வருகிறது. ஓவியத்தில் ஒளியும் இருளும் சம அளவில் நின்று ஒன்றோடொன்று போட்டியிடக் கூடாது என்ற ஓவியர் ஜோஷ்வா ரெனால்ட்ஸின் கருத்தை எடுத்துக்கொண்டு, ஸ்மித் அதை நிலம், நீர், வானம் ஆகியவற்றின் பங்கீட்டுக்கும் விரித்தார். அதாவது விதி கிளைத்தது தொனி பற்றிய பேச்சிலிருந்து. இன்று கேமராவின் திரையில் தெரியும் கட்டக் கோடுகளில் அந்த மூலம் முற்றாக மறைந்துவிட்டது. கோடுகள் தொடுவானம் எங்கே இருக்க வேண்டும் என்று சொல்கின்றன. கோட்டுக்கு மேலும் கீழும் எவ்வளவு இருள், எவ்வளவு ஒளி என்பதைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை.

2. வெற்று வானமும் லெ கிரேயும்

கடற்பட வரலாற்றை ஒரு தொழில்நுட்பத் தடையின் கதையாகச் சொல்வது வழக்கம். 1850களில் பரவிய கொலோடியன் ஈரத்தகடு நீலத்தையும் ஊதாவையும் மட்டுமே நன்றாக உணர்ந்தது. நீல வானம் தகட்டில் அளவுக்கு மீறிப் பதிந்து, அச்சில் வெறும் காகித வெள்ளையாக வந்தது. வானத்துக்கு ஏற்ற அளவில் ஒளியைக் குறைத்தால் நிலமும் நீரும் இருளில் மூழ்கின. அலையை அசையாமல் நிறுத்திப் பிடிப்பது இன்னொரு சிக்கல். வேல்ஸ் நாட்டின் ஜான் டில்வின் லெவெலின் 1853 வாக்கில் கேஸ்வெல் விரிகுடாவில் உடையும் அலையைப் படமெடுத்தார். இயக்கத்தைப் பதிவு செய்த அவர் படங்கள் 1855 பாரிஸ் கண்காட்சியில் பதக்கம் பெற்றன.

ஒளிப்படக்காரர் குஸ்தாவ் லெ கிரே ஓவியப் பயிற்சி பெற்றவர். பால் டெலரோஷின் மாணவர். 1856இல் நார்மண்டிக் கரையிலும் 1857இல் மத்தியதரைக் கடலோரம் செத் துறைமுகத்திலும் அவர் எடுத்த படங்கள் லண்டனிலும் பாரிஸிலும் பெரும் வியப்பை உண்டாக்கின. வழக்கமான விளக்கம் இது: கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு இன்னொரு நெகட்டிவ், இரண்டையும் ஒரே தாளில் தொடுவானக் கோட்டில் சேர்த்து அச்சிட்டு அவர் தடையைத் தாண்டினார்.

'பேரலை, செத்' என்று அறியப்படும் 1857ஆம் ஆண்டுப் படத்தை நிதானமாகப் பார்த்தால் இந்த விளக்கம் போதவில்லை என்பது தெரியும். சட்டகத்தின் பெரும்பகுதியை மேகங்கள் நிரப்புகின்றன. கீழே கரையை நோக்கி உருண்டு வரும் ஒற்றை அலை, அதன் நுரைமுகடு, இடப்பக்கத்தில் கரும்பாறைகள். தொடுவானத்தில் மேகங்கள் கத்தியால் வெட்டியதுபோல் முடிகின்றன. இரு நெகட்டிவ்கள் சேர்ந்த இடம் அது. ஆனால் அந்த வெட்டு கண்ணை உறுத்துவதில்லை. மேகங்களின் கீழ்விளிம்பும் தூரக் கடலும் கிட்டத்தட்ட ஒரே சாம்பலில் சந்திக்கின்றன. படத்தின் மிக அழுத்தமான கறுப்பு பாறைகளிடம் இருக்கிறது, மிகத் தெளிவான வெள்ளை அலை உடையும் நுரையில் இருக்கிறது. வானத்திலும் வெளிச்சம் உண்டு, ஆனால் நுரையோடு போட்டியிடும் அளவுக்கு இல்லை. எந்த வெள்ளை முதன்மை என்ற முடிவு இங்கே எடுக்கப்பட்டிருக்கிறது. ஒரே மேக நெகட்டிவை அவர் ஒன்றுக்கு மேற்பட்ட கடற்படங்களில் பயன்படுத்தியிருப்பதும் தெரிந்ததே. ஆகவே எந்த வானம் எந்தக் கடலுக்குப் பொருந்தும் என்று அவர் தேர்ந்தெடுத்திருக்கிறார். இயற்கையில் என்ன இருந்தது என்பதைவிட இரண்டு பரப்புகளின் தொனி எப்படிச் சேரும் என்பதே அந்தத் தேர்வின் அளவுகோல்.

இதை ஏமாற்று என்று சொல்வாரும் உண்டு. ஒளிப்படத்தின் நம்பகத்தன்மையைப் பற்றிய கேள்வி என்ற அளவில் அந்தக் குறை நியாயமானதே. ஆனால் அது லெ கிரே என்ன செய்தார் என்பதை விளக்குவதில்லை. வெற்று வானத்தை நிரப்புவதுதான் நோக்கம் என்றால் எந்த மேகமும் போதும்.

இன்னும் வலுவான சான்று, அவர் 1856இல் எடுத்த பாய்மரக் கப்பல் படம். இது ஒரே நெகட்டிவிலிருந்து அச்சிடப்பட்டதாகவே பொதுவாகக் கொள்ளப்படுகிறது. கேமரா சூரியன் இருக்கும் திசையை நோக்குகிறது. சூரியன் மேகத்துக்குப் பின்னால். கடல் பெரும்பகுதி இருண்டு கிடக்க, நீரில் ஒளி விழும் பகுதி மட்டும் பளபளக்கிறது. பார்த்தவர்கள் இதை நிலவொளிப் படம் என்றே நினைத்தார்கள். இங்கே லெ கிரே தடையைத் தாண்டவில்லை, அதோடு ஒத்துப்போகும் இடத்தைத் தேடி நின்றார். எதிரொளியில் நின்றால் வானத்துக்கும் நீரில் மின்னும் ஒளிக்கும் இடைவெளி சுருங்குகிறது. இரண்டும் ஒரே எக்ஸ்போஷருக்குள் அடங்குகின்றன. இழப்பது நிழற்பகுதிகளின் விவரத்தை. அந்த இழப்பே படத்தின் அமைப்பாக மாறிவிட்டது. 'பேரலை'யின் ஓர் அச்சு 1999இல் லண்டன் ஏலத்தில் 5 லட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோனது பலமுறை எழுதப்பட்ட செய்தி. கற்பதற்கு அதைவிட இந்தக் கப்பல் படமே எனக்கு அதிகம் தருகிறது.

அதே ஆண்டுகளில் தமிழ்நாட்டிலும் இதே வெற்று வானம் ஒருவரைத் தொந்தரவு செய்தது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப், 1858இல் மதுரையிலும் தஞ்சாவூரிலும் காகித நெகட்டிவ்களில் கோயில்களைப் படமெடுத்தார். வானம் வெறுமையாக வந்த இடங்களில் நெகட்டிவின் மேலேயே வண்ணம் தீட்டி மேகங்களை உண்டாக்கினார். தேர்ந்த கைவேலைதான். ஆனால் அந்த மேகங்கள் வானத்தின் வெறுமையைப் போக்குகின்றன, கீழே கோபுரத்தின் மேல் விழும் வெயிலோடு அவற்றுக்கு உறவு குறைவு. லெ கிரேயின் மேகங்களோ கடலின் மேல் எந்தப் பக்கமிருந்து ஒளி வருகிறது என்பதைச் சொல்கின்றன. ஒரே தடைக்கு இருவர் கண்ட இரண்டு வழிகளை அருகருகே வைக்கும்போது, தொனியை நிரப்புவதும் தொனியால் அமைப்பதும் வேறு வேறு வேலைகள் என்பது விளங்குகிறது.

3. நிற்கும் உயரம்

கடல்நீர் எந்த அளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்பது பார்வைக் கோணத்தைப் பொறுத்தது. நேர் மேலிருந்து கீழே பார்த்தால் அமைதியான நீர்ப்பரப்பு தன்மேல் விழும் ஒளியில் சுமார் 2 சதவீதத்தை மட்டுமே பிரதிபலிக்கும். செங்குத்திலிருந்து 60 பாகை சாய்ந்து பார்த்தால் அது சுமார் 6 சதவீதம். 80 பாகையில் சுமார் 35 சதவீதம். அதற்கு மேல் மிக வேகமாக ஏறுகிறது.

இந்த எண்களைக் கரையில் பொருத்திப் பார்க்கலாம். மணலில் நின்று, கேமராவை 1.5 மீட்டர் உயரத்தில் வைத்து, 50 மீட்டர் தொலைவில் உள்ள நீரைப் பார்த்தால் பார்வைக் கோணம் ஏறக்குறைய 88 பாகை. அசையாத நீராக இருந்தால் வானொளியில் பாதிக்கும் மேல் நம்மிடம் திரும்பிவிடும். அதே நீரை 30 மீட்டர் உயரப் பாறையிலிருந்து பார்த்தால் கோணம் 59 பாகைக்குக் குறைந்து, திரும்பும் ஒளி 6 சதவீத அளவுக்கு விழுந்துவிடுகிறது. நிஜக் கடலில் அலைகளின் சரிவுகள் இந்த வேறுபாட்டைக் கொஞ்சம் தணிக்கும். நம்மை நோக்கிச் சாய்ந்த ஒவ்வொரு சரிவும் வானத்தின் மேற்பகுதியைக் காட்டும், முதுகுப்புறங்கள் மறைந்துபோகும். ஆனாலும் போக்கு மாறாது. தாழ நின்றால் கடல் வானத்தின் தொனியை நெருங்குகிறது, உயர நின்றால் அதிலிருந்து விலகிக் கறுக்கிறது.

இதிலிருந்து கிடைக்கும் முடிவுகள் பயிற்சி நூல்களில் அதிகம் பேசப்படுவதில்லை. தாழ நின்று எடுத்த படத்தில் கடலும் வானமும் அடுத்தடுத்த சாம்பல்களாக இருக்கும். அங்கே படத்தைத் தாங்கவேண்டியது பாறை, படகு, ஈரமணல் போன்ற கறுப்புகள். உயர நின்று எடுத்த படத்தில் கடலே கறுப்பாகிவிடுகிறது. அப்போது நுரைதான் கோடு, நுரைதான் உருவம். ஆன்சல் ஆடம்ஸ் 1940இல் கலிபோர்னியாவின் சான் மாட்டியோ கரையில் எடுத்த ஐந்து படங்களின் வரிசை இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. பாறை மேல் நின்று கேமராவைக் கீழ்நோக்கித் திருப்பி, கரையில் ஏறி இறங்கும் நுரையை அடுத்தடுத்துப் பதிந்திருக்கிறார். தொடுவானம் எதிலும் இல்லை. மூன்றில் ஒரு பங்கு விதிக்கு இங்கே பிடிமானமே கிடையாது. நுரையின் வளைவு சட்டகத்தை எந்த இடத்தில் வெட்டுகிறது என்பது ஒவ்வொரு படத்திலும் மாறுகிறது, அமைப்பு முழுவதும் அதை நம்பியே நிற்கிறது.

உயரம் தொடுவானத்தையும் மாற்றுகிறது. 1.6 மீட்டர் கண்ணுயரத்தில் தொடுவானம் சுமார் 4.5 கிலோமீட்டரில் இருக்கிறது. 30 மீட்டர் ஏறினால் அது 19 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். இடையே கூடுதலாக வரும் காற்றில் உப்புத் துகளும் ஈரமும் நிறைந்திருப்பதால் தொடுவானக் கோடு மங்கி, கடல் வானத்துக்குள் கரைகிறது. கூர்மையான கோடு வேண்டுமானால் இறங்கவேண்டும், கரையும் கோடு வேண்டுமானால் ஏறவேண்டும்.

போலரைசர் ஃபில்டர் பற்றியும் ஒரு சொல். நீரில் பிரதிபலிப்பை அது முழுதாக நீக்குவது செங்குத்திலிருந்து 53 பாகைக் கோணத்தில்தான். கேமராவைக் கிடைமட்டத்திலிருந்து 37 பாகை தாழ்த்திப் பார்க்கும்போது அது கடலைக் கறுக்க வைக்கும், நீருக்கடியில் இருக்கும் பாறையையும் காட்டும். மணலில் நின்று தொடுவானத்தை நோக்கும்போது அதனால் பயன் மிகக் குறைவு.

4. முழு வீச்சு என்னும் நம்பிக்கை

கறுப்பு முதல் வெள்ளை வரை முழு வீச்சும் வேண்டும் என்ற எண்ணத்தை ஆடம்ஸிடமிருந்தே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். 1940ஐ ஒட்டி அவரும் ஃப்ரெட் ஆர்ச்சரும் வகுத்த மண்டல முறை, சாம்பலை 0 முதல் 10 வரை படிகளாகப் பிரித்து, நடுவில் 5ஆம் மண்டலத்தை நடுச்சாம்பலாக வைக்கிறது. ஆனால் அம்முறை சொல்வது, காட்சியில் உள்ள ஒரு பொருள் அச்சில் எந்தப் படியில் விழவேண்டும் என்று படமெடுக்கும் முன்பே தீர்மானி என்பதை. எல்லாப் படிகளையும் நிரப்பு என்ற கட்டளை அதில் இல்லை. பின்னால் வந்த ஹிஸ்டோகிராம் பழக்கம்தான் இடமிருந்து வலம்வரை நிறைந்த வரைபடத்தை நல்ல படத்தின் அடையாளமாக்கியது என்று நினைக்கிறேன்.

கடலில் இந்த நம்பிக்கை இரண்டு இடங்களில் உடைகிறது. முதலாவது, தாளின் கொள்ளளவு. நல்ல பளபளப்பான வெள்ளி அச்சில் மிக ஆழ்ந்த கறுப்பின் அடர்த்தி 2.1ஐ ஒட்டியது. அப்படியானால் தாளின் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் 100க்குச் சற்று மேல், ஒளிப்படக் கணக்கில் சுமார் 7 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளியின் இரட்டிப்பு). மேட் தாளில் அது இன்னும் குறைவு. சூரியன் நேரே மின்னும் கடலில் அலைமுகட்டின் தெறிப்புக்கும் ஈரப்பாறையின் நிழலுக்கும் உள்ள இடைவெளி இதைப் பல மடங்கு தாண்டும். எல்லாவற்றையும் உள்ளே அடக்க முயன்றால் நடுச்சாம்பல்கள் நசுங்கும். கடலின் உடல் இருப்பது அந்த நடுச்சாம்பல்களில். ஆகவே எதை விடுவது என்று முடிவு செய்தாக வேண்டும். சூரியத் தெறிப்பு விவரம் ஏதும் இல்லாத வெறும் தாளாக இருக்கலாம், அது ஒளியின் பிம்பம் மட்டுமே. நுரை அப்படி இல்லை. நுரையில் குமிழிகளும் மடிப்புகளும் உண்டு, அதன் வெள்ளை தாளின் வெள்ளைக்கு ஒரு படி கீழே நிற்கவேண்டும். கடற்படத்தில் வெள்ளைகள் இரண்டு வகை என்பதை அறியாமல் இரண்டையும் ஒன்றாக வெளுக்கவிடுவதுதான் தொடக்கநிலைப் படங்களில் நான் அதிகம் காணும் குறை.

இரண்டாவது, ஹிரோஷி சுகிமோட்டோவின் சான்று. 1980இல் தொடங்கிய அவருடைய 'கடற்காட்சிகள்' வரிசை, கரீபியன் கடல் முதல் ஜப்பான் கடல் வரை, சுப்பீரியர் ஏரி போன்ற பெரிய ஏரிகளையும் சேர்த்து, உலகின் பல நீர்ப்பரப்புகளை ஒரே விதத்தில் காட்டுகிறது. தொடுவானம் எப்போதும் சட்டகத்தின் சரிபாதியில். கரை இல்லை, படகு இல்லை, பறவை இல்லை. சில அச்சுகளில் வானமும் நீரும் ஒரே வெளிர்சாம்பலில் கரைந்து தொடுவானமே மறைகிறது. இரவுப் படங்களில் தாள் ஏறக்குறைய முழுக்கவும் கறுப்பு. மிகச் சில படங்களிலேயே கறுப்பும் வெள்ளையும் சேர்ந்து தோன்றுகின்றன.

சரிபாதித் தொடுவானம் படத்தைச் சமமாக வெட்டிச் செத்துப்போக வைக்கும் என்று ஸ்மித்தின் வழிவந்த விதி எச்சரிக்கிறது. சுகிமோட்டோவிடம் அது நடக்கவில்லை. மேல்பாதியும் கீழ்ப்பாதியும் வடிவத்தில் சமமாக இருக்கும்போது, தொனியில் உள்ள சிறு வேறுபாடே முழு எடையையும் ஏற்கிறது. பக்கத்தில் இருக்கும் சாம்பலைப் பொறுத்தே ஒரு சாம்பல் வெளுத்தோ கறுத்தோ தோன்றும் என்று வேதியியலாளர் ஷெவ்ரல் 1839இல் வெளியிட்ட ஆய்வில் விரிவாக விளக்கினார். இரண்டு பரப்புகள் சந்திக்கும் எல்லையில் அந்த விளைவு மிகக் கூர்மை. சுகிமோட்டோவின் தொடுவானம் அந்த எல்லை மட்டுமே. வேறு எதுவும் இல்லாத சட்டகத்தில் ஒரு படிச் சாம்பல் வேறுபாடுகூடக் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியதும் வலுவானதே. சுகிமோட்டோ செய்வது கருத்துக் கலை, ஆதிமனிதன் கண்ட காட்சியை இன்று காணமுடியுமா என்ற கேள்விதான் அவரை இயக்குகிறது, அதிலிருந்து கைத்தொழில் பாடம் எடுப்பது பொருந்தாது என்று வாதிடலாம். அவருடைய வேலை முறையைப் பார்த்தால் இந்த வாதம் பாதிதான் நிற்கும். அவர் 8க்கு 10 அங்குல நெகட்டிவில் எடுத்து, பெரிய அச்சுகளை வெள்ளித் தாளில் உண்டாக்குகிறார். அவ்வளவு பெரிய நெகட்டிவில் வெள்ளித் துகள் கண்ணில் படாமல் ஒரு சாம்பலிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்ல முடிகிறது. குறுகிய வீச்சைத் தாங்குவது அந்தத் தொழில்நுட்பமே. அதே வானத்தைக் கைபேசியில் 8 பிட் கோப்பாக எடுத்தால், 256 படிகளில் இருபதோ முப்பதோதான் வானத்துக்குக் கிடைக்கும், சரிவு பட்டைபட்டையாக உடைந்து தெரியும். ஆக, வீச்சைக் குறுக்குவது எளிமையான வேலை இல்லை. கிடைக்கும் படிகளை அடர்த்தியாக்கத் தெரிந்தவரிடம்தான் அது பலிக்கிறது. ரா கோப்பில், நுரை எரியாத எல்லை வரை எக்ஸ்போஷரைக் கூட்டி எடுப்பதன் பொருளும் இதுவே. 14 பிட் பதிவில் உள்ள 16384 படிகளில் பாதி, மிகப் பிரகாசமான ஒரு ஸ்டாப்புக்குள் அடங்கியிருக்கின்றன. வெளிர்ச் சாம்பல்களை அங்கே பதிந்து, பிறகு கீழே இறக்குகிறவருக்குக் கையில் நிறையப் படிகள் இருக்கும்.

5. நீட்டிய நேரம்

கடந்த இருபது ஆண்டுகளில் கறுப்பு வெள்ளைக் கடற்படம் என்றாலே நீண்ட எக்ஸ்போஷர் என்றாகிவிட்டது. 10 ஸ்டாப் ஃபில்டர் ஒளியைச் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும். 1/60 நொடி எடுக்கவேண்டிய படம் 17 நொடி ஆகிறது, அலைகள் பாலாகின்றன. 1968இல் வின் புல்லக் எடுத்த கடற்பனைப் பாசிப் படத்தில் நீர் மூடுபனியாகி, பாசிகள் மலையுச்சி மரங்களாகத் தெரியும். மைக்கேல் கென்னா பல மணி நேரம்வரை ஷட்டரைத் திறந்துவைத்துச் சதுரச் சட்டகங்களில் செய்தவையும் இந்த மரபைச் சேர்ந்தவை.

தொனியின் பார்வையில் நீண்ட எக்ஸ்போஷர் என்ன செய்கிறது என்பதைக் கவனிக்கவேண்டும். நுரையின் வெள்ளையையும் அலைச்சரிவின் கறுப்பையும் ஒன்றாகக் கலந்து சராசரியாக்கிவிடுகிறது. கடலின் உள்வேறுபாடு அழிந்து, அகன்ற ஒற்றைச் சாம்பல் மிஞ்சுகிறது. அந்த ஒற்றைச் சாம்பலைத் தாங்க எதிரே ஒரு வலுவான கறுப்பு வேண்டும். கென்னாவின் படங்களில் அது ஒரு வேலிக்கம்பு, ஒரு தூண்வரிசை, பனியில் நிற்கும் ஒரு மரம். அவருடைய அச்சுகள் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் சதுரமே. கையளவு தாளில் அந்தக் கறுப்பு ஒரு எழுத்தைப் போல வாசிக்கப்படுகிறது. அவரைப் பின்பற்றுபவர்கள் பலர் தூணையும் பாலையும் எடுத்துக்கொண்டார்கள். கறுப்புக்கும் சாம்பலுக்கும் இடையே அவர் வைக்கும் அளவை எடுத்துக்கொள்ளவில்லை. பாறைகள் நிறைந்த, அலை மோதித் தெறிக்கும் கரையில் நீண்ட எக்ஸ்போஷர் அந்தக் கரையின் இயல்பையே துடைத்துவிடுகிறது. அங்கே அரை நொடிக்கும் குறைவான நேரமே அலையின் போக்கையும் நுரையின் இழைகளையும் சேர்த்துத் தரும் என்பது என் கணிப்பு.

6. சோழமண்டலக் கரையில்

மேலே கண்டவை பெரும்பாலும் மேற்கையோ வடக்கையோ நோக்கிய கடல்கள், உயர்ந்த பாறைக்கரைகள். நம் கிழக்குக் கரை வேறு. சென்னை முதல் வேதாரண்யம் வரை கரை தாழ்ந்த மணல், கடல் கிழக்கே. ஏறி நிற்கப் பாறை அரிது என்பதால் மிகப் பெரும்பாலான படங்கள் ஆள் உயரத்திலிருந்தே எடுக்கப்படுகின்றன. மூன்றாம் பகுதியில் கண்ட கணக்குப்படி, இந்தக் கரையில் கடல் வானத்தின் தொனியை ஒட்டியே நிற்கும். கறுப்பு வெள்ளையில் நம் கடற்படங்கள் அடிக்கடி தட்டையாகத் தோன்றுவதற்குக் காரணம் திறமைக் குறைவைவிட இந்த உயரமே என்பது என் கருத்து. கலங்கரை விளக்கம், மீன்பிடித் துறைமுகச் சுவர், பாலம் போன்ற சில மீட்டர் உயரமும் பெரிய மாற்றம் தரும்.

ஒளியின் திசையும் இங்கே முன்னரே தீர்மானிக்கப்பட்டது. காலையில் கடலை நோக்கும் எவரும் எதிரொளியில் நிற்கிறார். கட்டுமரமும் ஃபைபர் படகும் கருநிழல்களாகும், கடல் மின்னும், வானம் வெளுக்கும். லெ கிரேயின் கப்பல் படத்துக்கு உரிய நிலை இது, விடிகாலைப் படங்கள் நம்மிடம் குவிந்து கிடப்பதற்குக் காரணமும் இது. மாலையில் சூரியன் முதுகுக்குப் பின்னே இறங்குகிறது. அப்போது சூரியத் தெறிப்பு இல்லை. கடல் கிழக்கு வானத்தின் அடர்நீலத்தைப் பிரதிபலித்துக் கறுக்கிறது, நுரைமேல் வெயில் நேராக விழுகிறது. கறுப்புக் கடல், வெளுத்த நுரை, கரையில் வலை காயவைத்திருக்கும் விவரங்கள் அனைத்தும் நிழலின்றித் தெரியும். ஆடம்ஸ் பாறையேறிப் பெற்ற எதிர்நிலையின் ஒரு பங்கை மாலை 4 மணி வெயில் மணலில் நிற்பவருக்கே தருகிறது. இந்த ஒளியில் எடுத்த கடற்படங்கள் மிகக் குறைவாகவே கண்ணில் படுகின்றன.

வடகிழக்குப் பருவமழைக் காலம் தனியே ஆராயத் தக்கது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஆற்று முகத்துவாரங்களை ஒட்டிய கடல் வண்டல் கலந்து பழுப்பாகிறது. வண்டல் நீருக்குள்ளிருந்தே ஒளியைச் சிதறடிப்பதால் மேலிருந்து பார்த்தாலும் கடல் கறுப்பதில்லை. உயரம் பற்றிய விதி இங்கே பாதி தளர்கிறது. வண்ணத்தைச் சாம்பலாக்கும் கட்டத்திலும் கணக்கு தலைகீழாகிறது. தெளிந்த நீலக் கடலைச் சிவப்பு வழியாக மாற்றினால் கடலும் வானமும் கறுக்கும், நீலம் வழியாக மாற்றினால் இரண்டும் வெளுத்து 1856இன் கொலோடியன் வானம் திரும்பிவரும். பழுப்புக் கடலோ சிவப்பில் வெளுக்கிறது, நீலத்தில் கறுக்கிறது. மழைவிட்ட ஒரு நவம்பர் காலையில், மேகங்களுக்கிடையே நீல வானம் திறக்கும்போது, சிவப்பு வழி மாற்றம் வானத்தைக் கறுப்பாகவும் கடலை வெளிர்சாம்பலாகவும் தரும். நீலக் கடல்களை மனத்தில் வைத்துச் செய்த மென்பொருள் முன்னமைப்புகளை அப்படியே இந்தக் கடலின்மேல் ஏற்றினால் அவற்றின் பலன் எதிராகவே அமையும். அடையாற்று முகத்துவாரத்திலோ கொள்ளிடம் கடலில் சேரும் இடத்திலோ நவம்பரில் ஒருமுறை, பிப்ரவரியில் ஒருமுறை ஒரே உயரத்தில் நின்று எடுத்து, இரண்டையும் ஒரே சிவப்பு வழியில் மாற்றி அருகருகே வைத்துப் பார்ப்பதே இதைச் சோதிக்கும் நேரான வழி.